கழுகு அடைகிடந்த வாசல்

முத்தாலங்குளம் கழுகடிச் சந்தையின் முகப்பு வாசல்மேல் தொண்ணூற்று இரண்டு வருஷமாக இறக்கை விரித்து நின்றுகொண்டிருந்த சுண்ணாம்புச் சுதைக் கழுகு, ஒரு சித்திரை மாதச் செவ்வாய்க்கிழமை, காலைக் கூட்டம் கலைந்து, மீன் வண்டிகள் திரும்பிப் போய், வெயில் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், இறக்கைகளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

வலது தூணின் அடியில் கருவாட்டுக் கடை போட்டிருந்த பிரம்மசக்திக்குத்தான் அது முதலில் தெரிந்தது. பத்தரை மணிக்குமேல் கழுகின் ஒரு பக்கத்து இறக்கை நிழல் அவள் தலைமேல் வந்து விழுவதும், உச்சி சாயும்வரை அந்த நிழலுக்குள் அவளும் அவளுடைய நெத்திலிக் குவியலும் சாளைக் குவியலும் ஒதுங்கிக்கொள்வதும் இருபத்தைந்து வருஷப் பழக்கம். அன்று நிழல் வரவில்லை. நெற்றிமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். மேலே கழுகு, கழுத்தை ஒருமுறை உள்ளே இழுத்து, மார்பை வாசல் மேடையில் பதித்து, சந்தைக்கு வந்து களைத்துப்போன சம்சாரி மாதிரி வாகாக உட்கார்ந்திருந்தது.

"யக்கா, மேல பாருங்க. உக்காந்துட்டு" என்றாள்.

பக்கத்தில் காய்கறி விற்கிற ஞானத்தங்கம் கத்தரிக்காயை அடுக்குகிற கையை நிறுத்தாமல் ஒரு பார்வை பார்த்தாள். "உக்காரட்டும். எத்தனை காலந்தான் நிப்பா? அவளும் பொம்பளதான" என்றாள்.

அதுவரை ஊர் அந்தக் கழுகை ஆண் என்றே நினைத்திருந்தது. ஞானத்தங்கம் சொன்ன பிறகு, அன்று மத்தியானத்துக்குள், வெற்றிலைக் கடையிலிருந்து ஆட்டிறைச்சிக் கடைவரை எல்லோரும் "அவ உக்காந்துட்டா" என்றே பேசினார்கள்; அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இருப்பதாகவும் யாருக்கும் தோன்றவில்லை. அவரவர்க்கு அவரவர் கவலை இருந்தது. சந்தையை இடித்துவிட்டு மூன்று மாடி வணிக வளாகம் கட்டப்போவதாகவும், மே மாதம் முப்பதாம் தேதிக்குள் வியாபாரிகள் எல்லோரும் நாலுவழிச் சாலைக்கு அந்தப்பக்கம் போட்டிருக்கும் தகரக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும் என்றும் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தக் கொட்டகைக்குப் பஸ் கிடையாது, தண்ணீர் கிடையாது, சுற்றிலும் உடைமரத்தைத் தவிர வாங்க வருவதற்கு ஓர் ஆள் கிடையாது. சந்தைக்காரர்கள் மனு எழுதி, ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பி வந்து, மறுபடி எழுதி, கடைசியில் ஓய்ந்துபோய், சாக்குகளைத் தட்டி மடிக்கத் தொடங்கியிருந்தார்கள். கழுகு உட்கார்ந்தது அந்த வாரத்தில்தான்.

மூன்றாம் நாளும் அது எழுந்திருக்கவில்லை. சந்தைக்கு மேலே சுற்றுகிற பருந்துகள், வட்டமடிப்பதை விட்டுவிட்டு மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. திருட்டை மட்டும் விடவில்லை. அசந்த நேரத்தில் ஒன்று இறங்கி பிரம்மசக்தியின் கூடையிலிருந்து ஒரு வாளைக் கருவாட்டைக் கொத்திக்கொண்டு போய் மறுபடி வரிசையில் உட்கார்ந்தது.

பிரம்மசக்தி கையிலிருந்த கம்பைக் கீழே போட்டாள். "இந்தச் சாதிய எனக்குத் தெரியும். ஒரு பறவை மூணு நாளா ஒரே எடத்துல உக்காந்திருந்தா அதுக்கு ஒரே அர்த்தந்தான்" என்று சொல்லிவிட்டு, ஆட்டிறைச்சிக் கடை செய்யதலி அண்ணாச்சியிடம் போய், சீரியல் விளக்கு கட்டுகிறவர்களின் மூங்கில் ஏணியை வாங்கிவரச் சொன்னாள். அண்ணாச்சி ஏணியைப் பிடித்துக்கொள்ள, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஐம்பத்தொரு வயசு, முழங்காலில் வலி. இருபத்திரண்டடி உயரத்தில், இரண்டு கட்டில் அகலத்துக்கு இருந்த மேடையில் கழுகுக்கு எதிரே போய் நின்றாள். கீழே இருந்து பார்க்கும்போது கம்பீரமாகத் தெரிந்த முகம் கிட்டத்தில் அப்படி இல்லை. அதைச் செய்த கொத்தனார் ஒரு கண்ணைச் சற்றுப் பெரிதாக வைத்துவிட்டிருந்தார். அலகின் நுனி உடைந்திருந்தது. இறக்கைக்குள்ளே ஒரு குளவிக்கூடு. ஆனால் அந்தப் பெரிய கண் அவளைப் பார்த்த பார்வையில், எட்டிப் போ என்கிற ஒரு சொல் இருந்தது. பிரம்மசக்திக்கு அது பிடித்திருந்தது. குனிந்து மார்புக்கு அடியில் பார்த்தாள்.

கீழே இறங்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "முட்டை" என்றாள். "பனங்காய்த் தண்டி இருக்கு."

அதன்பிறகு சந்தைக்கு வேலை வந்துவிட்டது. பழைய சுதைக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர்தான் பால் என்று வெற்றிலைக் கடைக்காரர் சொல்ல, தினமும் காலையில் ஒரு வாளி மேலே போனது. சித்திரை வெயிலில் கழுகின் முதுகில் விழுந்த வெடிப்பெல்லாம் நாலு நாளில் மூடிக்கொண்டது. பேறுகாலத்துக்காரிக்கு எதிரே சத்தமாகச் சண்டை போடக்கூடாது என்று பெண்கள் தங்களுக்குள் ஒரு விதி செய்துகொண்டு, தக்காளிக்காரியும் வெங்காயக்காரியும் தண்ணீர்க் குடத்துக்காகப் போட வேண்டிய சண்டையைக்கூட வாசலுக்கு வெளியே போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். மடித்த சாக்குகளை யார் எப்போது திரும்ப விரித்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

முட்டை தெரிந்த அன்றே இடிப்புக்கு அளவெடுக்க ஓவர்சியர் ஆவுடையப்பன் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் காகிதத்தில் இருப்பதுதான் உலகத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர். கையிலிருந்த உத்தரவைச் சத்தமாக வாசித்தார்: "நின்ற நிலையில், இறக்கை விரித்த கழுகு உருவம் கொண்ட முகப்பு வாயில்." பிறகு மேலே பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"நிக்கிற கழுகுன்னுல்லா இருக்கு. இது உக்காந்திருக்கே."

"அப்ப அந்த வாசல் வேற எங்கயோ இருக்கு. தேடிப் பாருங்க சார்" என்றாள் ஞானத்தங்கம்.

ஆவுடையப்பன் உண்மையிலேயே யோசித்தார். திருத்தம் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். திருத்தம் வரப் பதினாறு நாள் ஆனது.

அந்தப் பதினாறு நாளில் கழுகுக்கு உரிமை கேட்டு ஊர் முழுக்க வந்தது. பெருமாள் கோவில் பட்டர் வந்து, இது கருடாழ்வார்தான், சந்தேகமே இல்லை என்று சொல்லித் துளசி மாலையை மேலே அனுப்பினார். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், தன் தோள் சின்னத்தில் இருந்த அதே பறவை இது என்று விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, கழுகு வானத்து ராஜா, வீரத்தின் அடையாளம், அதைப்போல உயர வேண்டும் என்று பேசினார். நகைக் கடைக்காரர் தன் பையில் அச்சடிக்கப் படம் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு பட்டுத் துண்டைக் கழுகின் கழுத்தில் சுற்ற ஆள் ஏற்றினார்.

"ராஜாவாம்லா" என்றாள் பிரம்மசக்தி, பிள்ளைகள் போன பிறகு. "இருபத்தஞ்சு வருசமா இந்தப் பருந்துக் கூட்டத்தோட மல்லுக்கட்டுதேன். ராஜாவா இருந்தா ஏழை கூடைக்குள்ள கைய விடுவானா?"

"வேற யாரு விடுவா? ராஜாதான் விடுவான்" என்றாள் ஞானத்தங்கம்.

பிரம்மசக்தி சிரித்தாள். சிரித்துவிட்டு ஏணியில் ஏறிப்போய்ப் பட்டுத் துண்டை அவிழ்த்துக் கீழே போட்டாள். நகைக் கடைக்காரர் சண்டைக்கு வந்தபோது, "அடை கெடக்குத பறவைக்குப் பட்டு எதுக்கு அண்ணாச்சி? ஏற்கெனவே வெக்கை. நீங்க கட்டிக்கிட்டு உக்காருங்க, எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றாள். பட்டரிடம், "சாமி, அவ யாருன்னு அவளே சொல்லட்டும். இப்ப அவளுக்கு வேலை இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பத்தொன்பதாம் நாள் ஆவுடையப்பன் திருத்திய உத்தரவோடு வந்தார். "அமர்ந்த நிலையில், இறக்கை மடக்கிய கழுகு உருவம் கொண்ட முகப்பு வாயில்" என்று அவர் வாசித்துக்கொண்டிருந்தபோதே மேலே சுண்ணாம்பு உரசுகிற சத்தம் கேட்டது. கழுகு எழுந்து நின்றது. இறக்கைகளை விரித்தது, ஒரு நுனிக்கும் மறு நுனிக்கும் பன்னிரண்டடி. ஒருமுறை அடித்தது, தொண்ணூற்று இரண்டு வருஷத்துத் தூசு கீழே கத்தரிக்காய்மேலும் கருவாட்டின்மேலும் ஆவுடையப்பனின் தலைமேலும் விபூதிபோல உதிர்ந்தது. இரண்டாம் முறை அடித்தது. தராசுத் தட்டுகள் எல்லாம் ஆடின. பிறகு அந்த வெள்ளை உடம்பு வாசலை விட்டு எழும்பி, சந்தையின் ஓட்டுக் கூரைகள்மேல் தன் நிழலை இழுத்துக்கொண்டு, நிழலுக்குள் வந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தி அண்ணாந்து நிற்க, இறைச்சிக் கத்தி பாதி வெட்டில் நிற்க, மிளகாய் எடைபோட்டவள் தராசும் கையுமாக நிற்க, மெதுவாக, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவர்கள் நடக்கிற நடையில் வானத்தில் ஏறி, குளத்துக்கு மேலே ஒரு வட்டமடித்து, மேற்கே மலைப்பக்கம் போனது. கம்பியில் இருந்த பருந்துகள் எல்லாம் எழுந்து கொஞ்ச தூரம் கூடப் போய்விட்டுத் திரும்பின. இப்படி ஒன்று தன் தலைக்கு மேலே இத்தனை காலம் சும்மா நின்றிருந்ததா என்று நினைத்தாள் பிரம்மசக்தி.

அது திரும்பி வரவில்லை. இரை தேடப் போயிருக்கும் என்றார் செய்யதலி அண்ணாச்சி. ஜோடி தேடிப் போயிருக்கும் என்றார் வெற்றிலைக் கடைக்காரர். சாயங்காலம் ஆனதும், பெற்றதைப் போட்டுவிட்டுப் போனவளைப் பற்றிச் சில பேர் தரக்குறைவாகப் பேச ஆரம்பித்தார்கள். பிரம்மசக்திக்குக் கோபம் வந்தது.

"ஒருத்தி எந்திரிச்சுப் போனா அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். தொண்ணூறு வருசம் நின்னவள ஒருநா போனான்னு பேசுதியளே" என்றாள். அவளும் அப்படி எழுந்து வந்தவள்தான். இருபத்தாறு வயசில், புருஷன் இரண்டாவது தடவை கை ஓங்கிய அன்று, கடற்கரை ஊரிலிருந்து ஒரு கூடை நெத்திலியோடு பஸ் ஏறி வந்து இந்தத் தூணடியில் இறங்கினாள். நாற்றம் என்று மற்றவர்கள் ஒதுக்கிய ஓரம் இது. அதனால்தான் அவளுக்குக் கிடைத்தது.

மேலே ஏறி முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே யாரோ மெதுவாகப் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அவள் கீழே பார்த்து, "ஞானத்தக்கா, எங் கடைய எடுத்து வச்சிருங்க" என்று கத்திவிட்டு, முட்டையை மடியில் வைத்து, முந்தானையால் மூடி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கழுகு இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை ஞானத்தங்கம் ஏறி வந்து மாற்றினாள். அப்புறம் வெங்காயக்காரி, அப்புறம் தக்காளிக்காரி, அப்புறம் பூக்காரிகள். முறை வைத்துக்கொண்டார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருத்தி. மாதவிலக்கு வந்தவள் உட்காரலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு, முட்டை எங்கிருந்து வருகிறது என்று நினைத்தாய் என்று இன்னொருத்தி கேட்டு அதை முடித்துவைத்தாள். சந்தைக்கு வருகிறவர்கள் வாசலில் நுழையும்போது செருப்பைக் கழற்றுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல், "சாப்டியளா?" என்று மேலே பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

மூன்றாம் நாள் நகராட்சி ஆணையாளரே ஜீப்பில் வந்தார். வெளியூர்க்காரர், இளவயசு, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. அப்போது பிரம்மசக்தியின் முறை.

"ஏம்மா, இறங்குங்க. விழுந்தா யார் பொறுப்பு? சுண்ணாம்பு முட்டை பொரிக்குமா?"

"சுண்ணாம்புக் கழுகு இடும்போது யாரும் கேக்கலியே சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆணையாளர் சிரிக்கவில்லை. "புது வளாகத்துல உங்களுக்கு முதல் கடை தரேன். இரண்டாவது மாடியில. ஃபேன் இருக்கும்."

"கருவாடு வாங்க மாடிப்படி ஏறி யாரு சார் வருவா? நீங்க வருவீங்களா?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். பெண்களை மேலேயிருந்து இழுத்து இறக்கினால் மறுநாள் பேப்பரில் எப்படி வரும் என்று யோசித்திருக்க வேண்டும். தவிரவும் அவருக்குத் தன் அறிவில் நம்பிக்கை இருந்தது. "சரி. பொரிக்கிற வரைக்கும் காத்திருக்கேன். பொரிச்சா, அது பறக்கிற வரைக்கும் காத்திருக்கேன். போதுமா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர் மனசில் காத்திருப்பு ஒரு வாரத்தில் முடிந்துவிட்டிருந்தது.

கழுகு உட்கார்ந்த நாற்பத்து மூன்றாம் நாள் பூக்காரியின் மடியில் முட்டை உடைந்தது. உள்ளே இருந்து வந்தது பார்க்கச் சகிக்காத ஒரு பிராணி. சாம்பல் நிறம், ஈரச் சுண்ணாம்பு மாதிரி உடம்பு, உடம்பைவிடப் பெரிய வாய். பிறந்த நிமிஷத்திலிருந்து கத்தியது. வானத்து ராஜாவைப் பார்க்க வந்த தலைமையாசிரியர் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிப் போய்விட்டார். செய்யதலி அண்ணாச்சி ஈரலைப் பொடிப்பொடியாக நறுக்கி அனுப்பினார். குஞ்சு தின்றது, தின்றுவிட்டு ஊட்டிய விரலையும் கொத்தியது. சந்தையில் முறை வைத்த பெண்கள் அத்தனை பேர் கையிலும் ஒரு தழும்பு உண்டு. அதைக் காட்டிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஆனி போனது, ஆடி போனது. குஞ்சுக்கு இறகு வந்தது. ஓரத்தில் பழுப்பு ஓடிய வெள்ளை. மேடையின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பழகத் தொடங்கியது. ஒவ்வோர் அடிக்கும் கீழே சந்தையில் பேச்சு குறைந்தது. அது பறக்கிற அன்று ஆணையாளரின் வாக்கு முடிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆளாளுக்கு ஒன்று செய்தார்கள். அண்ணாச்சி ஒருவேளைக் கறியை மூன்று வேளையாக்கினார். ஞானத்தங்கம் ஆட்டுக் கொழுப்பை உருட்டி உருட்டி ஊட்டினாள். கனத்துப்போனால் எழும்பாது என்று அவரவர் மனசுக்குள் ஒரு கணக்கு. பறவை கனத்தது, ஆனாலும் விளிம்புக்கே போனது.

ஆவணி பிறந்த வாரம், ஒரு மத்தியானம், கடைகளுக்கு நடுவே தார்ப்பாயை விரித்து எல்லோரும் கூடினார்கள். ஞானத்தங்கம்தான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு பக்கத்து இறகுல நாலே நாலு வெட்டிவிட்டா போதும். கோழிக்குச் செய்யமாட்டமா? வலிக்காது. நாமதான் சோறு போடுதோம், கடைசிவரைக்கும் போடுவோம். அதுக்கு என்ன கொற?"

பல பேர் தலையாட்டினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை படிப்பும் வீட்டு வாடகையும் அந்த நாலு இறகில் தொங்குவதாக அவர்களுக்குத் தோன்றியது. அண்ணாச்சி மட்டும் கத்தியைத் தன் சாக்குக்கு அடியில் நகர்த்தி வைத்தார்.

பிரம்மசக்தி எழுந்தாள். "எம் புருசங்கிட்ட அவன் சேக்காளி ஒருத்தன் சொன்னான், கால ஒடிச்சுப் போடுல, வீட்டோட கெடப்பா, சோத்துக்கு என்ன கொறன்னு. ரெண்டு பேரும் சிரிச்சத நான் அடுப்படியில நின்னு கேட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கெடக்கு. அதே வார்த்தைய நம்ம வாயால சொல்லிட்டு, அப்புறம் இந்தச் சந்த இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

"பேசுதது லேசு சக்தி. அது போனா நாளைக்கு மிசினு வந்து நிக்கும். அப்ப என்ன செய்ய?"

"தெரியல யக்கா" என்றாள் பிரம்மசக்தி. "ஆனா இறகுல கைய வைக்க விடமாட்டேன்."

சொல்லிவிட்டு மேலே போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாள் இறங்கவில்லை. யாராவது கத்திரிக்கோலோடு வந்துவிடுவார்களோ என்று அவள் பயந்தாள், யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் சோற்றுத் தூக்கோடு ஞானத்தங்கமே ஏறி வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். இரண்டு பேரும் ஒரே தூக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காற்று மேற்கேயிருந்து வந்தது. பறவை விளிம்புக்கு நடந்தது. இந்த முறை இறக்கையை அடிக்கவில்லை. விரித்து மட்டும் வைத்தது. காற்று அடியில் புகுந்து அதை எடுத்துக்கொண்டது. முதலில் பத்தடி இறங்கி, ஞானத்தங்கம் "ஏசுவே" என்று கத்த, பிறகு ஓட்டுக் கூரைக்கு ஒரு முழம் மேலே நிமிர்ந்து, சந்தையை ஒரே வீச்சில் கடந்து, தாய் போன திசைக்கு நேர் எதிராக, கிழக்கே, கடலைப் பார்த்துப் போனது.

அது புள்ளியாகி மறையும்வரை சந்தை நின்று பார்த்தது. யாரோ ஒருத்தர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். தட்டிக்கொண்டே சில பேர் அழுதார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மண்வாரி இயந்திரம் வந்தது. பின்னால் ஆணையாளரின் ஜீப், அதன் பின்னால் ஒரு போலீஸ் வேன். ஆவுடையப்பன் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சுண்ணாம்புப் பொடியால் வாசலைச் சுற்றிக் கோடு போட்டார். ஏணி தூணில் சாய்ந்தபடி இருந்தது. பிரம்மசக்தி அதைப் பார்த்தாள். இத்தனை நாளும் ஏறியபோது மேலே ஒரு பறவை இருந்தது, அல்லது ஒரு முட்டை இருந்தது, அல்லது ஒரு குஞ்சு இருந்தது. இன்று மேலே ஒன்றும் இல்லை. போனால் அவள்தான் இருப்பாள். கடையை மூடிவிட்டுப் பஸ் ஏறினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போவதற்குள் கால் முதல் படியில் இருந்தது.

மேலே போய் நின்றாள். உட்காரவில்லை. காற்று சேலையை இழுத்தது. ஆணையாளர் மைக்கை எடுத்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"அம்மா, நான் சொன்ன வார்த்தையைக் காப்பாத்தினேன். பொரிக்கிற வரைக்கும் இருந்தேன், பறக்கிற வரைக்கும் இருந்தேன். நூத்துச் சொச்சம் நாள். இப்ப பறவை இல்லை, முட்டை இல்லை. இன்னும் என்ன காரணம் சொல்லப்போறீங்க?"

அது நியாயமான கேள்வி என்று பிரம்மசக்திக்கே பட்டது. அவள் இரண்டு கையாலும் சேலையை இறுக்கிக்கொண்டு, சந்தைக் கூட்டத்துக்கெல்லாம் விலை கூவிக் கூவிப் பழகிய குரலில், "காரணம் ஒண்ணும் இல்ல சார்! பறவை போயிட்டு. நாங்க போகல" என்றாள்.

இயந்திரம் உறுமியது. அதன் கை மேலே எழும்பி அவள் முழங்காலுக்கு நேராக வந்து நின்றது. அவள் அசையவில்லை, அசைய முடியவில்லை என்றுதான் பிற்பாடு சொன்னாள். அப்போது ஏணி கிறீச்சிட்டது. ஞானத்தங்கம் மூச்சு வாங்க ஏறி வந்து அவள் இடது பக்கத்தில் நின்றாள். பின்னால் பூக்காரிகள். மேடை நிறைந்ததும் மற்றவர்கள் மதில்மேல் ஏறினார்கள், ஓட்டுக் கூரைமேல் ஏறினார்கள், செய்யதலி அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினார். சாமான் வாங்க வந்தவர்கள் கைப்பையோடு ஏறினார்கள். பட்டரும் சுபேதாரும் ஒரே மதிலில் நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. இறங்கச் சொல்லி மைக்கில் மூன்று முறை அறிவித்தார்கள். மூன்றாவது முறை முடிந்ததும் இயந்திரத்தை ஓட்டுகிறவன் சாவியைத் திருகி அணைத்துவிட்டு இறங்கினான்.

"என்னப்பா?" என்றார் ஆணையாளர்.

"செவுத்த இடிக்கத்தான் சார் கூட்டிட்டு வந்தீங்க. செவுத்தக் காணும். ஆளுதான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அவன் டீக்கடைப் பக்கம் நடந்தான்.

மத்தியானம் இயந்திரம் திரும்பிப் போனது. அதற்கப்புறமும் நாலு நோட்டீஸ் வந்தது. இரண்டு தடவை இயந்திரம் வந்தது. இரண்டு தடவையும் சந்தை மேலே ஏறி நின்றது. தை மாதம் ஆணையாளருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆனது. சந்தை இடிக்கப்படாது என்று இன்றுவரை யாரும் காகிதத்தில் எழுதித் தரவில்லை. ஆனாலும் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது, வெளியூர் பஸ்கள் வாசலில் நின்று போகின்றன, தூணடியில் கருவாடு கிடைக்கிறது.

போன வருஷம் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்தார்கள். முகப்பு வெறுமையாக இருப்பது ஊருக்கு அழகில்லை, நல்ல சிற்பியாகப் பார்த்து முன்னதைவிடப் பெரிதாக ஒரு கழுகு செய்து வைத்துவிடலாம், செலவு தங்களுடையது என்றார்கள். பிரம்மசக்தி ஒரு வாடிக்கைக்காரிக்குச் சாளைக் கருவாட்டைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக் கொடுத்துவிட்டு, வாசலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். "எடம் சும்மா கெடக்கட்டும். திடீர்னு ஏற வேண்டி வந்தா எங்களுக்கு நிக்க எடம் வேணும்லா."